கீழ் வரிசை முகங்கள்

குருவிநத்தத்தில் அக்கா வீட்டு வைக்கோல் போரின் மேல் ஒரு பழைய பேனர் கிடக்கிறது. மழைக்கு மூடியது. காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கயிறு போட்டு, உடைந்த செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அதில் என் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். பக்கத்தில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். பின்னால், கடையில் எல்லா இரங்கல் பேனருக்கும் போடுகிற அதே வெள்ளை மேகம். மாமாவின் இடது தோளில் நான்கு விரல்கள் தெரியும். ஒன்றில் செம்பு மோதிரம். அந்த விரல்களுக்குச் சொந்தமான ஆள் படத்தில் இல்லை. தோளுக்குப் பின்னால் மேகம்தான். புதிதாகப் பார்க்கிறவர்கள், பேனர் செய்தவனுக்கு வேலை தெரியவில்லை, கையை அழிக்க மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள். செய்தவள் என் அக்கா. அவளுக்கு வேலை தெரியாது என்று சொல்ல புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் ஊர்களில் ஓர் ஆள் கிடையாது.

அக்கா பாகூரில் ஒரு பேனர் கடையில் டிசைனர். கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். கல்யாணமாகி அரியூரிலிருந்து குருவிநத்தம் போன கொஞ்ச நாளிலேயே அவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். பேனருக்குத் தடை என்று எத்தனை உத்தரவு வந்தாலும் எங்கள் பக்கத்தில் மனிதர்கள் பேனரோடுதான் பிறக்கிறார்கள், பேனரோடுதான் போகிறார்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சியில் ஒரு பதவி, பிறகு கண்ணீர் அஞ்சலி. விசேஷம் யாருடையதோ அவர் மேலே பெரிதாக இருப்பார். கீழே சின்னச் சின்னதாக நண்பர்களின் முகங்கள் ஓரத்திலிருந்து ஓரம் வரை நிற்கும். கடையில் அதைக் கீழ் வரிசை என்பார்கள். பேனர் சொல்ல வருபவரிடம் பாய் முதலில் கேட்பதே, "கீழ எத்தினி தலை வரும்?" என்பதுதான். அந்த வரிசையில் நிற்பது விளையாட்டு விஷயமில்லை. யார் முகத்துக்குப் பக்கத்தில் யார் முகம் என்று அடிதடி நடந்திருக்கிறது. இருக்க வேண்டிய ஒருவன் முகம் இல்லையென்றால், அவனுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சு முறிந்துவிட்டது என்று ஊர் தெரிந்துகொள்ளும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப அதே முகங்கள் வருவதால் அக்கா ஒவ்வொரு ஊருக்கும் கணினியில் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். பின்னணியை நீக்கி, தலைமுடி ஓரத்தைச் சுத்தம் செய்து, எல்லா முகங்களும் அதில் தயாராக இருக்கும். கல்யாணமோ சாவோ, எடுத்து வைத்தால் தீர்ந்தது.

மாமாவின் முகத்தையும் அவள்தான் வெட்டி வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் எடுத்த படம். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருப்பார். அதற்காக ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தாளாம். முடி ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். "உங்கக்கா என்னப் பாத்துக்கறத வுட என் போட்டோவ நல்லா பாத்துக்கறா பாப்பா" என்று மாமா என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நான் சென்னையிலிருந்து வந்தால் பாகூர் பஸ் நிறுத்தத்தில் வண்டியோடு நிற்பார். "இன்னா பாப்பா, மெட்ராஸ்ல சோறே போடறதில்லியா?" என்பார். என் பையை நான் தூக்கியதே கிடையாது. கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு என்று சொந்த நிலத்தில் பாடுபட்டார். ஒருவரை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. குடித்தார். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சின்ன வயதிலிருந்து சேர்ந்து திரிந்த கூட்டம் ஒன்று அவருக்கு இருந்தது. 'ஆத்தங்கரை பிரதர்ஸ்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, கோயில் திருவிழாவுக்கு ஒரு பேனர், பிறந்த நாளுக்கு ஒரு பேனர் என்று வைப்பார்கள். பொழுது சாய்ந்தால் ஆற்றோரம் கூடுவார்கள். அதில் ஒருவர் சொந்த டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறவர். அவரும் குடிப்பார், ஆனால் அளவோடு. மாமா நிதானம் தப்பிப்போனால், மாமாவின் வண்டியிலேயே அவரைப் பின்னால் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவார். கட்டிலில் கிடத்திவிட்டு, வண்டிச் சாவியை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, "அண்ணி, அண்ணன் வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடியே நடந்து போய்விடுவார். அந்தக் குரலை அக்காவுக்குப் பிடிக்காது. "கெடுக்கறதும் இவங்கதான், கொணாந்து போடறதும் இவங்கதான்" என்பாள். எனக்கும் அப்போது அவள் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் ஓர் இணைய இதழில் இருக்கிறேன். அன்றாட வாழ்க்கையை எண்ணிப் பார்ப்பது என் பிழைப்பு. புதுச்சேரி மூலக்குளம் சாலையில் கடைப் பெயர்ப் பலகைகளைப் படமெடுத்துக்கொண்டே நடந்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கூட்டிப் பார்த்து எழுதுவேன். பள்ளிக் குழந்தைகளின் பெயர்கள் எந்த எழுத்தில் தொடங்குகின்றன, எந்த ஊரில் தேநீர்க் கோப்பை சின்னதாகிக்கொண்டே போகிறது, இந்த மாதிரி. படிப்பவர்கள் சிரித்துக்கொண்டே பகிர்வார்கள். அம்மாவுக்கு மட்டும் இதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்கள் என்பதில் இன்று வரை நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் அக்காவின் கணினியில் அடுக்கடுக்காகக் கிடந்த பேனர்களைப் பார்த்தபோது எனக்குக் கை துறுதுறுத்தது. இத்தனை ஆண்டு வாழ்க்கை, இத்தனை முகம், இத்தனை தேதி. வேறு யாரிடமும் இப்படி ஒரு குவியல் இருக்காது. பாயிடம் கேட்டேன். "பேரு போடாம எழுதும்மா, ஊரு வம்பு வாணாம்" என்று சொல்லிப் பிரதி எடுத்துக்கொள்ள விட்டார்.

முதல் கட்டுரை சிரிப்பாகத்தான் இருந்தது. காதுகுத்து பேனர்களில் குழந்தைக்குப் பக்கத்தில் எந்த நடிகர் நிற்கிறார், எந்த ஊரில் மணப்பெண்ணின் படிப்பு பெயரைவிடப் பெரிய எழுத்தில் வருகிறது, எந்த அரசியல்வாதியின் படம் எந்த ஆண்டோடு காணாமல் போகிறது என்றெல்லாம் எழுதினேன். எல்லா பேனரையும் திறந்து பார்த்து அட்டவணையில் ஏற்றியது அக்கா. கடையில் வேலை ஓய்ந்த நேரத்தில் செய்து எனக்கு அனுப்புவாள். கட்டுரை வெளிவந்த நாளில் பாய் அதைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம ஊருக்காரங்க லூசுன்னு நாலு பேரு சிரிக்கறதுக்கு நானே எடுத்துக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அட்டவணையில் நான் கேட்காத ஒரு கட்டத்தை அவளாகவே சேர்த்திருந்தாள். கீழ் வரிசையில் யார் யார். எதற்கு இது என்று கேட்டேன். "நேத்து கீழ வச்ச மூஞ்சியத்தான்டி இன்னிக்கு மேல ஏத்துறேன். புதுசா கட் பண்ற வேலையே இல்ல" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு இரங்கல் பேனர்களை மட்டும் தனியே எடுத்து வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஒரு கல்யாணத்தில் கீழ் வரிசையில் கூலிங் கிளாஸோடு நிற்கிறவன், கொஞ்சம் தள்ளி ஓர் இரங்கலின் கீழ் வரிசையில் அதே கூலிங் கிளாஸோடு நிற்கிறான். இன்னும் கொஞ்சம் தள்ளி, அதே படம் பெரிதாக மேலே போய்விட்டது. இவர்கள் யாரும் வயதானவர்கள் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்தவர்கள். எதனால் இறந்தார்கள் என்று பேனர் சொல்லாது. வீட்டில் கேட்டால் மஞ்சள் காமாலை என்பார்கள், வண்டி சறுக்கிவிட்டது என்பார்கள். எல்லையோரத்து ஊர்களில் குடிக்க எது மலிவாகக் கிடைக்கிறது என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நான் அதைப் படமாக வரைந்தேன். ஒரு மனிதருக்கு ஒரு புள்ளி. இரண்டு பேர் ஒரே கீழ் வரிசையில் வந்தால் நடுவே ஒரு கோடு. அடிக்கடி வந்தால் கோடு தடிக்கும். இறந்தவரின் புள்ளியைக் கறுப்பாக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியூரில் அம்மா வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா என் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். ஆத்தங்கரைக் கூட்டம் இருந்த மூலையில் கறுப்பு சேர்ந்து கிடந்தது. நடுவில் இன்னும் நிறம் மாறாத புள்ளிகளில் ஒன்றின் மேல் விரலை வைத்து, "இது அவருதான?" என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்ப இவங்க கூட இருந்தா இவரும் பூடுவாரு."

"அப்படி இல்லக்கா. யாரு யாரு கூட இருக்காங்கன்னு மட்டும்தான் இது சொல்லும். எதனால போறாங்கன்னு இதுக்குத் தெரியாது."

"உனக்கு இது புள்ளி. எனக்கு வூட்டுக்காரரு" என்றாள். லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, அம்மாவோடு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்தபோதே ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்தது. என்ன முடிவு என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் பைக் மெக்கானிக்காக இருந்தவர் இறந்துபோனார். காமாலை என்றார்கள். மாமாவுக்கும் அவருக்கும் சில வாரங்களுக்கு முன்பு ஒரு சில்லறைத் தகராறு, திருவிழா பேனரில் யார் முகம் முதலில் என்று. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிறகு சமாதானமாகிவிட்டார்கள். மெக்கானிக்கின் இரங்கல் பேனரை அக்காதான் செய்தாள். கீழ் வரிசையில் கூட்டத்தில் மிச்சமிருந்த எல்லோரையும் வைத்தாள், மாமாவைத் தவிர. அச்சுக்குப் போகும் முன் மாதிரியை டிராக்டர்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார். "அண்ணி, அண்ணன் மூஞ்ச காணோம். வுட்டுப் பூடுச்சு போல."

"வுட்டுப் போவல. அவருதான் வாணாம்னாரு" என்றாள் அக்கா.

 உடனே அவர் போனை வைத்துவிட்டாராம். செத்தவன் மேல் பகையை வைத்துக்கொண்டு அவன் பேனரில் நிற்க மாட்டேன் என்கிறவனை எங்கள் பக்கத்தில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். மாமாவை அந்தக் கூட்டத்திலிருந்து இழுத்துவர வருஷக்கணக்கில் அழுதிருக்கிறாள், அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள், கோயிலில் கையில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எதுவும் நடக்கவில்லை. கூட்டமே அவரைத் தள்ளிவிடட்டும் என்று தன் கைக்குத் தெரிந்த வேலையை வைத்து ஒரு வழி செய்தாள்.

மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. மாலை வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனவர் தெரு முனையில் பேனரைப் பார்த்திருக்கிறார். ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாராம். உள்ளே போனால் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. மாலையை வாங்க யாரும் கை நீட்டாததால் தானே காலடியில் வைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "நீதான் எடுத்தியா?" என்று கேட்டார். அக்கா ஆமாம் என்றாள். "நான் சொன்னேன்னு சொன்னியா?" அதற்கும் ஆமாம் என்றாள். அடிப்பார் என்று எதிர்பார்த்தாளாம். அவர் அடிக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். ஒரே ஒரு வார்த்தை நண்பர்களிடம் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். பெண்டாட்டி செய்த வேலை என்று வெளியே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையா, தன் மானம் போய்விடும் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம்.

பிறகு சில மாதங்கள் அக்கா வீட்டில் வெளிச்சமாக இருந்தது. ஆற்றோரம் போக மாமாவுக்கு இடமில்லை. இருட்டுவதற்குள் வீட்டில் இருப்பார். குடிக்கவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார், கொஞ்சம் சதைகூடப் போட்டார். பேச்சு மட்டும் குறைந்துபோனது. பஸ் நிறுத்தத்தில் என் பையை வாங்கிக்கொண்டு, "வா பாப்பா" என்பதோடு சரி. அக்கா போனில், "கணக்கு சரியா வந்துச்சு பாத்தியாடி" என்றாள். கடைக் கணினியில் இருந்த அவருடைய முகத்தையும் அழித்துவிட்டேன் என்று சொன்னாள். இனி எந்தக் கீழ் வரிசையிலும் யாரும் அவரை வைக்க முடியாதாம். கொஞ்சம் தயங்கி, "மேலயும் ஏத்த முடியாது" என்றாள். நான் அவளைக் கேலி செய்தேன். ஆனால் எனக்கும் நெஞ்சு நிறையச் சந்தோஷம்தான்.

கரும்பு வெட்டு தொடங்கிய சமயத்தில் மாமா மறுபடி குடிக்க ஆரம்பித்தார். இந்த முறை தனியாக. பாகூரில் குடித்தால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று தள்ளியிருந்த வேறோர் ஊருக்குப் போனார். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு நேராக நடந்து உள்ளே வருவார். அக்காவுக்குக் கொஞ்ச நாள் தெரியவேயில்லை. தெரிந்தபோது யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று அவளுக்கு விளங்கவில்லை. முன்பு திட்டுவதற்கு ஒரு கூட்டம் இருந்தது.

ஒரு விடியற்காலையில் கரும்பு வெட்ட வந்தவர்கள்தான் பார்த்தார்கள். வாய்க்கால் கரைமேல் வண்டி ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றிருந்தது. சாவி அதிலேயே இருந்தது. மாமா கீழே, முழங்கால் அளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தார். வீட்டுக்குப் போகும் முன் வாய் கழுவ இறங்கியிருப்பார், கால் சறுக்கியிருக்கும், எழ முடிந்திருக்காது என்றார்கள். நீந்தத் தெரிந்த, ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர். யாராவது ஒருவர் கரையில் நின்று சட்டையைப் பிடித்துத் தூக்கியிருந்தால் போதும்.

அதைத்தான் ஊரும் சொன்னது. சாவு வீட்டில் என் காதுபடவே ஒரு பெண், "கூட நாலு பேரு இருந்தா இப்பிடிக் கெடந்திருப்பானா? அவதான் எல்லாரயும் வெட்டி வுட்டா" என்றாள்.  அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கூடவே இருந்து செத்தார்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். இன்றைக்கும் என் கோபம் தீரவில்லை. அவரைக் கொன்றது சாராயம். தெருவுக்குத் தெரு அதை விற்கிறவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புருஷன் உயிரைக் காப்பாற்றத் தன் வேலையைக் கருவியாக்கிய பெண்ணைச் சொன்னார்கள்.  அழுது முடித்த ஒரு நாளில் அக்கா என்னிடம் மட்டும், "கொணாந்து வுட்டது யாருன்னு நம்ம கணக்குல எங்கியும் இல்லியேடி" என்றாள்.  எங்கள் அட்டவணையில் முகம் இருந்தது, வயது இருந்தது, மேகத்தின் நிறம்கூட இருந்தது. யார் யாரைத் துண்டால் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று எந்தப் பேனரிலும் அச்சடிப்பதில்லை.

மாமாவின் சாவுக்குத் தெரு முனையில் பேனர் வைக்கப்படவில்லை. வைக்க வேண்டிய நண்பர்கள் வாசல் வரை வந்து, பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டு, பேசாமல் போனார்கள். பேனர் இல்லாத சாவு எங்கள் பக்கத்தில் அநாதைச் சாவு மாதிரி. பதினாறாம் நாள் காரியம் நெருங்கியபோது ஒரு பகலில் டிராக்டர்காரர் வந்தார். உள்ளே வராமல் படலுக்கு வெளியிலேயே நின்றார். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துச் சுருட்டிக்கொண்டார்.

"அண்ணி, காரியத்துக்கு அண்ணனுக்கு ஒரு பேனரு வைக்கணும். எங்க மூஞ்சி ஒண்ணும் வாணாம். பேருகூட வாணாம். நீங்க சரின்னு சொன்னா பாய்கிட்ட சொல்லிட்றேன்."

அக்கா எழுந்து படல் வரை போனாள். "அவரு அன்னிக்கு வாணாம்னு சொல்லல. அவருக்கு எதுவும் தெரியாது. நான்தான் எடுத்தேன்" என்றாள்.

 அவர் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். சுருட்டிய துண்டு கையில் அப்படியே இருந்தது. "அண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, திரும்பித் தெருவில் நடந்தார்.

அக்கா உள்ளே வந்து, "உன் லேப்டாப்ப எடு" என்றாள். காரியம் முடிகிறவரை அவள் கடைக்குப் போக முடியாது. பேனரைத் தானே செய்ய வேண்டும் என்றாள். ஆனால் மாமாவின் முகத்தை அவள்தான் அழித்துவிட்டாளே. அவருடைய போனும் தண்ணீரில் போய்விட்டது. கல்யாண ஆல்பத்தில் பூமாலை பாதி முகத்தை மறைத்தது. ஆராய்ச்சிக்கென்று நான் எடுத்துவைத்த பிரதியில் தேடினேன். வெட்டி வைத்த முகங்களின் ஃபோல்டர் அதில் இல்லை, பழைய பேனர்களின் கீழ் வரிசையில் இருந்த முகமோ பெரிதாக்கினால் கலைந்துபோகிற அளவுக்குச் சின்னது. மெக்கானிக்கின் கல்யாண பேனருக்காக யாரோ அனுப்பிய கூட்டப் படம் ஒன்று கிடைத்தது. எல்லோரும் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறார்கள். மாமா வெள்ளைச் சட்டையில், எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் டிராக்டர்காரர். அவருடைய கை மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் மறுபக்கத் தோளைப் பிடித்திருக்கிறது.

அக்கா வெட்ட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முடியோரம், காது, கழுத்து, சட்டைக் காலர். பக்கத்தில் நின்ற ஒவ்வொருவராகப் படத்திலிருந்து மறைந்துகொண்டே வந்தார்கள். மெக்கானிக் போனார். டிராக்டர்காரரும் போனார். தோளுக்கு வந்ததும் அம்புக்குறி நின்றது.  பிறகு விரல்களின் வெளி ஓரமாகவே மெதுவாகச் சுற்றிக்கொண்டு இறங்கியது. பின்னணியை நீக்கி மேகத்தை வைத்தபோது நான்கு விரல்களும் தோளில் நின்றன.

"கை நிக்குதுக்கா" என்றேன். பக்கத்துச் சட்டைத் துணியை எடுத்து ஒட்டினால் போதும். அவளுக்கு அது தேநீர் ஆறுகிற நேரத்து வேலை.

"நிக்கட்டும்" என்றாள். "வூட்டுக்குக் கொணாந்து வுட்ட கை."

கீழ் வரிசை வைக்கவில்லை. வேண்டாம் என்று அவர்களே சொன்னதால் அந்த இடம் வெறும் மேகமாக இருந்தது. காரியத்தன்று டிராக்டர்காரர்தான் பேனரைக் கட்டினார். கம்பத்தில் ஏறி மேல் கயிற்றை முடிந்துவிட்டுக் கீழே இறங்கி, நேராக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தவர் அப்போதுதான் கவனித்தார். கிட்டே வந்து பார்த்தார். பிறகு என்னைத் தேடி வந்து, "பாப்பா, இது என் கைதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மோதிரம் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பேனருக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். பந்திக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

அக்கா பாயின் கடைக்குத் திரும்பிப் போய்விட்டாள். அட்டவணையை அவள் நிறுத்தவில்லை. புதிய பேனர்களை ஏற்றி எனக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். கறுப்புப் புள்ளிக் கட்டுரை என்ன ஆயிற்று என்று எங்கள் இதழின் ஆசிரியர் அவ்வப்போது கேட்கிறார். எழுதவில்லை. மாமாவுக்கான வரியையும் அக்காவே ஏற்றியிருந்தாள். பெயர், ஊர், வயது, பின்னணி மேகம். கீழ் வரிசையில் யார் யார் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று தட்டச்சு செய்திருக்கிறாள். புதிதாகப் படம் வரைந்தால் அவருடைய கடைசிப் பேனர் யாரோடும் கோடு போடாது. கணக்குப்படி, போகும்போது அவருக்கு யாரும் இல்லை.

இந்த ஆண்டு வைக்கோலை டிராக்டர்காரர்தான் கொண்டுவந்து போட்டார். பேனரைப் போரின் மேல் விரித்தபோது, எல்லோரும் செய்வதுபோல அச்சுப் பக்கத்தைக் கீழே போட்டார். அக்கா திருப்பிப் போடச் சொன்னாளாம். போன வாரம் போயிருந்தேன். வெயிலும் மழையும் பட்டு மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. சிரிப்பைக்கூட முன்பே தெரிந்தவர்கள்தான் கண்டுபிடிக்க முடியும். வெள்ளைச் சட்டை மேகத்தோடு ஒன்றாகி, தோள் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. விரல்கள் மட்டும் அந்த இடத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.